புறக்கடைக் கதவுக்கு எந்தப் பூட்டு

ஆவணி 14, 1984. நாமக்கல்.

போன வாரம் ஒரு நாள் விடியும்போது புறக்கடைக் கதவு திறந்து கிடந்தது. ஒன்றும் களவு போகவில்லை. ஆனாலும் லாரியோடு பம்பாய் போயிருக்கும் என் வீட்டுக்காரர், கிரில் கதவு போடச் சொல்லி டிரங்க் கால் செய்தார். அண்ணன் நாய் வளர்க்கச் சொல்கிறான். எதிர்வீட்டு அக்காவோ, கதவு அசைந்தாலே அலறும் கரண்டு மணி சேலத்தில் விற்கிறது என்கிறார்.

இன்று காலை லாரி பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி வந்து கதவை அளந்தார்.

"பூட்டு உள்பக்கம் வெக்கறதா, வெளிப்பக்கமாங்க?"

நான் சொல்வதற்குள், அருகில் நின்ற மாமனார் முந்திக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு சாவி குடுத்துரு சாமி. ராத்திரி கரண்டு வந்தா மோட்டார் போடப் போவோணும்."

நிலத்தையும் கிணற்றையும் விற்று நான்கு வருடம் ஆகிறது.

"அன்னிக்குக் கதவைத் தொறந்தது நீங்களா மாமா?"

"பின்ன வேற யாரு போவா?" என்றார், சாதாரணமாக.

மேஸ்திரியை அப்புறம் வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். பூட்டிச் சாவியை ஒளித்தால் அவரை அடைத்து வைத்ததாகிவிடும். பூட்டாவிட்டால் அந்தக் கிணற்றுக்குப் போவார். அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நாய் வீட்டு ஆளைப் பார்த்துக் குரைக்காது. மணி அடித்தால் நான் எழுந்துவிடுவேன், அவர் மிரண்டு எங்காவது விழுந்துவிட்டால்? இதையெல்லாம் அவர் மகனிடம் டெலிபோனில் எப்படிச் சொல்வது?

கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து, அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாமா எழுந்து வருகிறார்.