சுவரில் அடித்துப் பார்க்கிறவர்கள்

ஐப்பசி 14, செவ்வாய்.

என் கடையில் டார்ச் வாங்குகிற எல்லாரும் அதை எதிர்ச் சுவரில்தான் அடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் தூரமாகப் போனால் அவர்களுக்கு அது நல்ல டார்ச். அப்படிப் போகிற டார்ச்சில் காலடி தெரியாது. வரப்பில் நடக்கிறவனுக்கு அகலமாக விரிகிறதுதான் வேண்டும். அதைக் காட்டினால், மங்கல் சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்பார்கள். அதனால் காட்டுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர், ராத்திரி வயலில் மோட்டார் போடப் போகணும் என்று சொல்லித்தான் வாங்கினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இன்று அவர் மனைவி அதே டார்ச்சோடு வந்தாள்.

“லைட்டுல கொற ஒண்ணும் இல்லண்ணா. மோட்டார் கொட்டா வரிக்கும் பளிச்னு தெரியுது. கால்கிட்டதான் தெரியல. விரியன் கடிச்சி அவரு போயிட்டாரு. இனிமே நான்தான் மோட்டார் போடப் போவணும். வேற மாத்திக் குடுங்க.”

நாலைந்தை எடுத்து வைத்தேன். அவள் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. ஒவ்வொன்றையும் தன் பாதத்தின் மேல் அடித்துப் பார்த்தாள். அகலமாக விரிந்ததை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் படி இறங்குவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

“கொல்லையில பன்னிக் காவலுக்குங்க. எவ்ளோ தூரம் அடிக்கும்?”

அவள் வைத்துவிட்டுப் போன டார்ச்சில் சேறு காய்ந்திருந்தது. துடைத்து அவர் கையில் கொடுத்தேன். எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தார்.

“இதாங்க டார்ச்சு” என்றார்.