கம்பத்துக்கு மட்டும் தந்த திமிங்கிலம்

ஸ்கிடகேட்
3 மார்ச் 1984

அன்புள்ள லயனலுக்கு,

நலம்தானே? மீன்முட்டைப் பருவம் வந்துவிட்டது. முட்டை ஒட்டிய கடற்பாசியில் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்தேன். எட்டு மாதமாகத் தீவுப் பக்கம் எட்டிப் பார்க்காத புருஷனுக்கு எதற்கு என்று திட்டிக்கொண்டேதான் வைத்தேன்.

வான்கூவருக்குப் போன எங்கள் குலத்தலைவர் ஆர்ச்சி மாமா, ஒரு கடைக் கண்ணாடிக்குள் எங்கள் குலச் சின்னமான கொலைத்திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறார். காகிதத்தில் அச்சடித்து, அடியில் உன் கையெழுத்து. "அவன் கழுகுக் குலத்துப் பய. நம்ம குலத்து மரக்கம்பத்துல செதுக்கத்தான கூப்பிட்டோம்? காயிதத்துல போட்டு விக்கச் சொன்னது யாரு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்லட்டும்?

ஜூனில் நம் மகள் டீனாவுக்குக் குலப் பெயர் சூட்டும் விருந்து. அதற்குள் பதில் எழுது.

உன் ஹேசல்

வான்கூவர்
15 மார்ச்

அன்புள்ள ஹேசல்,

தப்புத்தான். உங்கள் கம்பத்தில் நாலு மாதம் செதுக்கியதில் அந்தத் திமிங்கிலம் என் கையிலேயே தங்கிவிட்டது. பெற்ற மகளின் சின்னம்தானே, அப்பன் வரைந்தால் என்ன என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தாயின் குலம்தான், அப்பன் வேறு குலம் என்பது அப்போது உறைக்கவில்லை.

நிறுத்தச் சொல்லிக் கடை முதலாளியிடம் கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் போட்டார். ஐந்து வருடத்துக்கு நான் வரைவதெல்லாம் அவருடையது. அச்சடிக்கவேண்டிய நூற்றைம்பது தாளில் தொண்ணூறு முடிந்திருக்கிறது. "மிச்சத்தையும் முடி, அப்புறம் உங்க சாமி சமாச்சாரத்தப் பேசலாம்" என்கிறார். என் அறை கடைக்கு மேலேதான். தெருவில் இறங்க அந்தத் திமிங்கிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

லயனல்

ஸ்கிடகேட்
2 ஏப்ரல்

அன்புள்ள லயனலுக்கு,

கெஞ்சிக் கூத்தாடி மாமாவை இறங்கி வரச் செய்திருக்கிறேன். "தொண்ணூறோட நிறுத்திட்டு, அச்சடிக்கிற அந்தப் பட்டுத்திரையக் கிழிச்சு எடுத்துட்டு வரட்டும். விருந்துல எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லட்டும். அதோட விட்டுடுறேன்" என்கிறார்.

தேவதாரு மரத்தையே செதுக்குகிறவனுக்கு ஒரு துணியைக் கிழிக்கத் தெரியாதா? விருந்தில் நீ உட்காரப்போகும் இடத்தை டீனாவுக்குக் காட்டிவிட்டேன்.

உன் ஹேசல்

வான்கூவர்
20 மே

ஹேசல்,

கத்தியோடு திரைக்கு முன்னால் நின்றேன். கிழித்தால் வழக்குப் போடுவார்கள், வேறு எந்தக் கடையும் என்னை உள்ளே விடாது. நேற்று நூற்றைம்பதும் முடிந்தது. கோழை என்று திட்டு, கேட்டுக்கொள்கிறேன். எந்த முகத்தோடு வருவேன்? டீனாவிடம் எதையாவது சொல்லிச் சமாளி.

லயனல்

ஸ்கிடகேட்
18 ஜூன்

லயனலுக்கு,

டீனா பெயர் வாங்கிவிட்டாள். உன் குலத்தார் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா ஏன் வரல?" என்று சபை நடுவே கேட்டாள். மாமா எழுந்தார். உன்னைத் திருடன் என்று அவர் அங்கே சொல்லியிருந்தால், இந்தத் தீவில் உன்னை யாரும் உளி பிடிக்க விட்டிருக்கமாட்டார்கள். அதை மகள் கேட்கவேண்டாம் என்று நான் முந்திக்கொண்டேன். "நான்தான் வரையச் சொன்னேன். உங்க யாரையும் கேக்காம குடுத்தது என் தப்பு" என்றேன்.

என் தோளிலிருந்த, திமிங்கிலம் தைத்த குலப் போர்வையை மாமாவே கழற்றி மடித்தார். இனி எங்கள் விருந்துகளில் எனக்குப் பேச உரிமை இல்லை. மகளின் விருந்தைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன்.

உன்மேல் இப்போது பழி ஏதும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வரலாம். வீட்டுக்கு மட்டும் வராதே.

ஹேசல்