நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் அசைந்த கம்பளி

கணபதி, கோவை.

அன்புள்ள கண்ணு கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது. மாசாணியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் மருமகள் பிரத்யுஷாவும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்குத்தான் மூன்று நாளாக ரத்தம் கொதிக்கிறது. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவாய் என்று கடிதமாக எழுதுகிறேன்.

நம் குடும்ப குரூப்பில் ஒரு பழைய துப்பறியும் படத்தின் துண்டை அனுப்பினாயே, வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஊரே படித்த கதைகளை வைத்து வால்பாறையில் எடுத்த படம், அதைப் பற்றித்தான். யூடியூபில் முழுப் படத்தையும் தேடிப் பார்த்தேன், கீழே ஆளாளுக்குக் கருத்து எழுதியிருக்கிறார்கள். கதையில் மீசையே இல்லாத துப்பறிவாளருக்குப் படத்தில் எதற்கு மீசை என்று ஒருத்தர் சண்டை பிடிக்கிறார். கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டதாம் இன்னொரு மேதாவிக்கு. அதெல்லாம் போகட்டும். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் தேயிலைக் காட்டில் கம்பளி போர்த்திக் கிடக்கும் பிணம் அசைகிறதாம், அதற்கு முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். கம்பளிக்குள் என்ன பலாப்பழமா என்று ஒருத்தன், ஐந்து நிமிடம் சும்மா கிடக்கத் துப்பில்லாதவளெல்லாம் நடிக்க வந்துவிட்டாள் என்று ஒருத்தன். ஆனைமலைக்குப் போய் அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி இவர்கள் மேல் முறையிட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பி உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். அவர்களோடு சேர்ந்துகொண்டு, செத்தும் அடங்கல பாருங்க என்று எழுதியவன் நீ. நீயும் அதில் இருக்கிறாயே என்றுதான் திரும்பி வந்தேன்.

அந்தப் பிணம் நான்தான். அப்பா அப்போது வால்பாறையில் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பிணமாகக் கிடக்க வேண்டிய நடிகை, கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தியெடுத்து கெஸ்ட் ஹவுசில் சுருண்டுவிட்டாள். அந்தக் கதைகளை ஒரு வாரம்கூட விடாமல் படித்த மனிதருக்கு, சினிமாக்காரர்கள் வந்து கேட்டதும் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அம்மணி, மொகம் தெரியாது, காலு மட்டுந்தான், கொஞ்ச நேரம் படுத்துப்போட்டு வந்துரு என்று என்னிடம் கெஞ்சினார். ஈரத் தரையில் படுத்தேன். கணுக்காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது, நான் கால் விரலைக்கூட ஆட்டவில்லை. டைரக்டரே கை தட்டினார். என்னைப் போய்த் துப்பில்லாதவள் என்பதா?

இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. வாயும் வயிறுமா இருக்கிறவளைப் பொணமாப் படுக்க வெச்சியாடா என்று என் மாமியார் அப்பாவை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பார். ஆமாம், அப்போது எனக்கு ஏழாம் மாதம். அபசகுனமாகிவிடுமோ என்று பிரசவம் வரை நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். கம்பளி அசைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அசைந்தது நான் இல்லை கண்ணு, நீ.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறக்காமல் அந்தக் கருத்துகளுக்குக் கீழே யார் அசைந்தது என்று உன் கையாலேயே எழுது, முந்நூறு பேரும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்கு அசையாமல் கிடந்த உன் அம்மா
நஞ்சம்மாள்