கட்சி உடைந்த பின் காம்ரானுக்கு

என் அன்பான காம்ரான்,

மேல்மாடி அறையில் நீ இல்லாத முதல் பனிக்காலம் இது. உன் கட்சியின் லண்டன் கிளை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில் என் வீட்டுக்கு நீ குடிவந்தபோது, அஸர்பைஜான் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. உங்கள் தலைநகர் பாக்குவில் எண்ணெய்ப் பொறியியலாளனாக இருந்தவன், இங்கே பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்தாய். சோறும் பருப்பும் சாப்பிட்டபடியே உன் கட்சியின் கதையைச் சொல்வாய். எண்பதுகளின் கடைசியில் நண்பர்களின் வீடுகளில் தாழ்ந்த குரலில் தொடங்கிய பேச்சு, சதுக்கம் கொள்ளாத கூட்டமாக வளர்ந்ததாம். ஒரு ஜனவரியில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. செத்தவர்களைச் சிவப்புக் கார்னேஷன் பூக்களோடு அடக்கம் செய்தீர்கள். பிறகு சுதந்திரம், தேர்தல், ஆட்சி. அதுவும் ஓராண்டளவுதான். ஆட்சி போனதும் மறுபடி எதிர்க்கட்சியானீர்கள். தணிக்கைக்காரர் வெட்டிய இடங்கள் வெள்ளையாகவே தெரிய உங்கள் பத்திரிகை வந்தது. தோழர்கள் ஒவ்வொருவராகக் கைதானார்கள். உன் முறை வருமுன் நீ தப்பி வந்தாய்.

"உந்த நாலைஞ்சு பேரை வைச்சு லண்டனில என்ன கட்சியடாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க வாய் திறக்கேலாது, அண்ணை. இங்க ஏலும். அதுக்குத்தான்," என்றாய். எங்கள் தமிழை அதற்குள் பிடித்துவிட்டிருந்தாய்.

பிறகு பாக்குவில் கட்சி இரண்டாக உடைந்தது. இங்கே உன் தோழன் தோஃபிக் ஒரு பக்கம், தோழி சேவில் மறுபக்கம். ஒரே சதுக்கத்தில் ஒன்றாக நின்ற இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். சமரசம் பேச நீ பஸ் ஏறி இருவர் வீட்டுக்கும் மாறிமாறிப் போனாய்.

விட்டுவிடு என்றேன். எங்கள் ஊரில் விடுதலை இயக்கங்கள் பிரிந்து மோதியபோது, கூட இருந்து சாப்பிட்டவனே என் தம்பியைச் சுட்டதை அன்றுதான் உனக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு நீ சொன்னாய்:

"அப்ப உங்களுக்குத்தானே தெரியும், இதை ஏன் விடக்கூடாதெண்டு."

அடுத்த வாரம் இல்ஃபோர்டில் தோஃபிக்கைப் பார்த்துவிட்டு வரும் வழியில், பஸ் தரிப்பிடத்திலேயே உன் இதயம் நின்றுவிட்டது. அவன் அன்று உனக்கு என்ன பதில் சொன்னான்? இன்றுவரை நான் கேட்கவில்லை.

உன் அடக்கத்துக்கு இருவரும் வந்தார்கள், குழியின் இரு கரையிலும் தள்ளித்தள்ளி நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் என்ர வீட்டை வாங்கோ," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவள் வந்தால் நான் வரமாட்டன்," என்றான் தோஃபிக்.

அந்த இடத்திலேயே என் தம்பியின் கதையைச் சொன்னேன். உன்னைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாதது. சேவில் அழுதாள். தோஃபிக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தார்கள், காம்ரான். வந்து சண்டைதான் பிடித்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது, யார் விலைபோனது என்று ஆங்கிலத்திலும் உங்கள் மொழியிலும் கத்தினார்கள். சேவில் கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினாள். நான் கதவடியில் போய் நின்றேன்.

"சிறையில இருக்கிறவை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும்," என்றாள்.

"அவைக்காகவேனும் ஒண்டா நிக்க ஏலாதோ?"

அவள் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

நேற்று உங்கள் தூதரகத்தின் முன்னால் ஒரே பதாகையைப் பிடித்தோம். ஒரு முனையில் தோஃபிக், மறுமுனையில் சேவில். காற்றில் அது தொய்ந்ததால் நடுவில் நான். அவர்கள் சமாதானமாகிவிடவில்லை, திரும்பும்போதும் வேறுவேறு ரயிலில்தான் போனார்கள். உள்ளேயிருந்து ஒருவன் ஜன்னலைத் திறந்து எங்களைப் படம் பிடித்தான். என் அகதி வழக்கு முடியாத நாட்களில் கமெரா கண்டாலே ஒதுங்குவேன், உனக்குத் தெரியும். நேற்று நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் போகிறோம். உன் கடைசித் தோழன் சிறையிலிருந்து வெளியே வரும்வரை, இவர்கள் இருவரில் ஒருவர் வராவிட்டால் அந்த முனையை நான் பிடிப்பேன். இருவருமே வராவிட்டாலும் போவேன்.

உன் கூடப் பிறவாத அண்ணை,
சிவநேசன்