நூற்றெழுபது சாப்பாடும் ஒரு மெயிலும்

2 ஆகஸ்ட் 2004, திங்கள்

மேகமூட்டம். காற்றே இல்லை. அரிசி லோடு இறக்கியாச்சு. சமையல் மாஸ்டருக்கு இருமல். அடுப்புப் பக்கம் வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து கடிதம். ஒரகடம் ரோட்டில் காருக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி. நான்கு வருஷமாக அவர்களுக்கு மதியச் சாப்பாடு என் சமையல்கூடத்திலிருந்துதான். வரும் திங்கள் முதல் தினசரி ஆள் கணக்கு மெயிலில் மட்டும் வருமாம். போனில் சொல்ல மாட்டார்களாம். ‘சப்ளையர்கள் அனைவரும் இணைய வசதி ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.’ கையெழுத்து: பிரசன்னா, எச்.ஆர்.

இதுவரை என்ன நடந்தது? காலை ஆறரைக்கு கேட் செக்யூரிட்டி தனசேகர் போன் பண்ணுவார். இன்றைக்கு நூற்றெழுபது என்பார். வைத்துவிடுவார். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்கு இனிமேல் வேண்டியவை:

கம்ப்யூட்டர்
மோடம்
யு.பி.எஸ்., கரண்ட் போனால்
மேஜை, நாற்காலி
இன்டர்நெட் பாக்கெட், இத்தனை மணி நேரம் என்று கடையில் விற்பது
அந்த ஆறரை மணிக்கு அதன் முன்னால் உட்கார ஓர் ஆள் (நான்தான்)

வீட்டுக்காரர் குஷியாக இருக்கிறார். அவருக்கு பட்டன் வைத்த எதைக் கண்டாலும் பிடிக்கும்.

4 ஆகஸ்ட், புதன்

மாலையில் தூறல். கம்ப்யூட்டர் வந்தது. வெங்காய மூட்டை இருந்த மூலையில் வைத்தாச்சு. வெங்காயம் வராந்தாவில்.

மாட்டிக் கொடுக்க வந்த கடைக்காரர், இனி உலகமே உங்கள் வீட்டுக்குள் மேடம் என்றார். உலகம் வேண்டாம், எனக்கு ஒரு நம்பர் போதும் என்றேன். சிரித்தார். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

கனெக்ட் பண்ணினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். அது ஓடுகிறவரை போன் என்கேஜ்டு. லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் அம்மா ராத்திரி சப்பாத்திக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் சொல்லிவிட்டார். நூறு சப்பாத்தி போச்சு. இன்டர்நெட் வந்த முதல் நாள் வருமானம் இது.

மிஷினே வேண்டாம் என்கிறவள் இல்லை நான். இந்தப் பக்கத்தில் ஸ்டீம் பாய்லர் வைத்துச் சாதம் வடித்தது நான்தான் முதலில். சாய்த்துக் கொட்டுகிற கிரைண்டரை கோயம்புத்தூரிலிருந்து நானே போய் வாங்கி வந்தேன். கிரைண்டரில் உளுந்து போட்டால் மாவு வருகிறது. வராவிட்டால், வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. இது அப்படி இல்லை.

6 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ். போக முடியவில்லை.

காலையிலிருந்து கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனி ஹெல்ப்லைன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டு. இருபது நிமிஷம் கழித்து ஒரு பையன், இங்கிலீஷில். மோடத்தில் பச்சை லைட் எரிகிறதா? எரிகிறது. அப்படியானால் உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது மேடம். வேலை செய்யவில்லையே, தம்பி. எங்கள் வெப்சைட்டில் புகார் பதிவு செய்யுங்கள்.

திரும்பக் கேட்டேன், காதில் தப்பாக விழுந்ததோ என்று. தப்பில்லை. இன்டர்நெட் வரவில்லை என்பதை இன்டர்நெட்டில் போய்ச் சொல்ல வேண்டுமாம். போனை வைத்துவிட்டு அடுப்புக்குப் போனேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் கேமரா வைத்த செல் வாங்கி வந்திருக்கிறார். ‘அவசரத்துக்கு.’ வீட்டுக்குள் டவர் கிடையாது. காம்பவுண்டு சுவர் மேல், முருங்கை மரத்துப் பக்கமாக நின்றால் இரண்டு கோடு. அவசரம் வந்தால் சுவர் ஏற வேண்டும். இதுவரை எடுத்த போட்டோக்கள்: முருங்கை மரம், நான் முறைத்துக்கொண்டு நிற்பது.

ஆனாலும் அந்த செல் நம்பரை ஒரு தாளில் எழுதி, தனசேகர் மூலமாக பிரசன்னாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

9 ஆகஸ்ட், திங்கள்

கா. 6.40. மெயில் வந்தது. ‘170.’ அவ்வளவுதான்.

பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கா, அக்கா, இவ்ளோ பெரிய பொட்டி” என்றார்.

11 ஆகஸ்ட், புதன்

வெயில். போன் செத்துவிட்டது. அதனால் இன்டர்நெட்டும்.

ஹைவேயை அகலப்படுத்துகிறார்கள். டெலிபோன் ஆபீஸ் எதிரே பொக்லைன் தோண்டி கேபிளையே அள்ளிவிட்டது. போய்ப் பார்த்தேன். கறுப்புத் தோலுக்குள் வண்ண வண்ணமாக நூறு நூறு ஒயர், மண்ணில். லைன்மேன் ஏழுமலை குழிக்குள் குந்தியிருந்தார். எப்போது வரும் என்று கேட்டேன்.

“இன்னாக்கா பண்ண சொல்ற? இங்க ஜாயிண்ட் போட்டுக்கினு இருந்தா, அவன் அங்க வெட்டிக்கினே போறான். நாலு நாள் ஆவும்.”

அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்.

செல்லைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறினேன். நாற்பத்தாறு வயதில். பிரசன்னா எடுத்தார். லைன் அறுந்துவிட்டது, நான்கு நாள் நம்பரை போனில் சொல்லுங்கள் என்றேன். போனில் சொன்னால் சிஸ்டத்தில் பதிவாகாது என்றார். அப்போது என்ன செய்வது? புது மெயில் வரும்வரை பழைய நம்பரே செல்லும் மேடம். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இங்கே எழுதி வைக்கிறேன்: பழைய நம்பரே செல்லும் என்றது அவர், நான் அல்ல.

12 ஆகஸ்ட், வியாழன்

கா. 11 மணிக்கு வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்த்து வந்தார். இன்றைய 170 தவிர புதிதாக ஒன்றும் இல்லை. நாளை 170.

கடைசி ஆடி வெள்ளி. வடை பாயசம் போடலாம் என்று முடிவு. உளுந்து, கடலைப்பருப்பு, வெல்லம், முந்திரி. தினமும் ஒரே சாம்பார் சாப்பிடுகிற பிள்ளைகள், பாதிப் பேர் தெற்கத்திப் பக்கம். ஊரில் அம்மன் கோயில் கொடை நடக்கும்போது இங்கே கம்பெனி லைனில் நிற்கிறார்கள்.

13 ஆகஸ்ட், வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலரைக்கு அடுப்பு. நூற்றெழுபது பேருக்குச் சாதம், சாம்பார், அவரைப் பொரியல், ஆளுக்கு இரண்டு வடை, பாயசம். வேனில் ஏற்றி, நானும் கூடப் போனேன், பாயசம் சிந்தாமல் பிடித்துக்கொள்ள. பன்னிரண்டேகாலுக்கு கேட். ஒரு சைக்கிள்கூட இல்லை.

தனசேகர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“இன்னிக்கு லைன் ஆஃப்க்கா. மெட்டீரியல் வரல. நேத்தே மெயில் போட்டாங்கன்னு சொன்னாங்களே, உனக்கு வர்ல?”

ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றேன். செல் நம்பர் அவர் பாக்கெட் நோட்டிலேயே இருந்தது, எடுத்துக் காட்டினார். கேட்டிலிருந்து சப்ளையர்களுக்கு போன் போகக் கூடாது என்று உத்தரவாம். போட்டால் வேலை போய்விடுமாம். தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கேட் போனில் பிரசன்னா. “மெயில் அனுப்பியாச்சு மேடம். நேத்து நாலு அம்பதுக்கு. என் ஸ்கிரீன்ல இருக்கு.”

“அனுப்பினது உங்களுக்குத் தெரியுது சார். வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?”

ஆர்டர் இல்லாத சாப்பாட்டுக்கு பில் போட முடியாது என்று மட்டும் சொன்னார்.

வேனில் ஏறி உட்கார்ந்தேன். பாயசத்தின் சூடு தொடையில் பட்டது. இவ்வளவையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மண்டபத்திலா, கோயிலிலா? வீட்டுக்காரர் வண்டியை எடுக்காமல் இருந்தார். அப்போதுதான் தனசேகர் ஓடிவந்தார். கம்பெனியின் காண்ட்ராக்ட் பசங்கள் பென்னலூரில் அவருடைய தெருவில்தான் ரூம் எடுத்து இருக்கிறார்களாம். காலையில் ஆறு மணிக்கு வந்து நின்றார்களாம், எல்லாரையும் திருப்பி அனுப்பினாராம்.

“ஒருத்தனும் ஒண்ணும் துன்னுகினு இருக்க மாட்டான்க்கா. அங்க எட்துகினு போ.”

போனோம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வரிசை ரூம்கள், ஒரு ரூமுக்கு ஏழெட்டுப் பேர். அடுப்பு வைக்க ரூம் ஓனர் விடுவதில்லை. காலையும் ராத்திரியும் கடை, மதியம் கம்பெனிச் சாப்பாடு, அதுதான் ஏற்பாடு. லீவு விட்டால் மதியம் இல்லை. வெளியே கொடியில் நீலச் சட்டைகளாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேனைப் பார்த்ததும் ஒருவன் எழுந்தான், மற்றவர்கள் எழவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது.

எழுந்தவன் பெயர் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் நாளே மெயிலில் வந்த விஷயம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“எங்களுக்கு யாரு மெயில் அனுப்புதாக்கா? ரெண்டு மைல் நடந்து போயி, கேட்டைப் பாத்துட்டு, ரெண்டு மைல் நடந்து வந்தோம். இன்னைக்குச் சம்பளமும் கெடயாது.”

காலையிலிருந்து நான்தான் ஏமாந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறினோம். தட்டு இல்லாதவர்கள் டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கினார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். பாயசம் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. சாப்பிட்ட பிறகு அண்டாவை நானே கழுவுகிறேன் என்றதற்கு விடவில்லை, நான்கு பேர் கைப்பம்பில் தண்ணீர் அடித்து, தேய்த்து, வேனில் ஏற்றிக் கொடுத்தார்கள். இசக்கிமுத்து மட்டும் ஓரமாக வந்து, “சும்மா சாப்பிட்ட மாதிரி வேண்டாம்க்கா. வேல இருக்க அன்னைக்கு ஆளுக்குக் கொஞ்சம் தாரோம்” என்றான். வேண்டாம் என்றேன். அவன் முகம் மாறிற்று. பிறகு பார்க்கலாம் என்று திருத்திச் சொன்னேன்.

14 ஆகஸ்ட், சனி

கேட்டுக்கே ஆறு மணிக்குப் போய் நம்பர் கேட்டு வந்தேன். போக வர ஒன்றேகால் மணி நேரம். வளர்ச்சி.

முதுகு வலி. மாஸ்டர் லீவு.

16 ஆகஸ்ட், திங்கள்

போன் வந்துவிட்டது. ஏழுமலை குழியிலிருந்தே கூப்பிட்டு, கேட்கிறதா அக்கா என்றார். கேட்கிறது.

மெயில் பெட்டியில் தினசரி நம்பர் போக இரண்டு. ஒன்று வியாழன் மா. 4.50, வெள்ளி விடுமுறை. இரண்டாவது சனிக்கிழமை போட்டது: ‘13ஆம் தேதி ஆர்டர் இன்றி வாகனத்துடன் கேட்டுக்கு வந்ததற்கான காரணத்தை எழுத்துபூர்வமாக விளக்கவும்.’

மூன்று முறை படித்தேன். நான் விளக்க வேண்டுமாம்.

மதியம் பாத்திரமெல்லாம் ஏறிய பிறகு உட்கார்ந்தேன். தமிழ் எழுத்து அதில் வரவில்லை, வந்தாலும் அவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன், ஒற்றை விரலால், நாற்பது நிமிஷம். வீட்டுக்காரர் உதவட்டுமா என்றார். வேண்டாம். என் கோபத்தை நானே அடித்துக்கொள்கிறேன்.

மா. 4.15க்கு அனுப்பினேன்.

17 ஆகஸ்ட், செவ்வாய்

ஆவணி பிறந்தாச்சு. புழுக்கம்.

பத்து மணிக்கு பிரசன்னாவின் மேஜை முன்னால். முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். சின்னப் பையன். புதுக் கல்யாண மோதிரம். என் பதில் வந்ததா என்றேன். வரவில்லை மேடம் என்றார், ஸ்கிரீனை என் பக்கம் திருப்பியே காட்டினார். நேற்று நாலேகாலுக்கு அனுப்பிவிட்டேன், என் ஸ்கிரீனில் இருக்கிறது என்றேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

தேடினார். வேறு ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தார், விளம்பரக் குப்பை போகிற இடமாம். அதில் கிடந்தது. சிஸ்டமே தள்ளிவிட்டது என்றார். காது சிவந்துவிட்டது.

சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தார்:

“நான் ஆர்டர் இல்லாமல் வரவில்லை. பழைய நம்பர் செல்லும் என்று நீங்கள் சொன்னதால் வந்தேன். இனி உங்கள் ஒவ்வொரு மெயிலுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் போடுவேன். பதில் வராவிட்டால் எனக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது யாராவது ஒரு மனுஷர் போனை எடுக்கவும். இதற்குச் சம்மதம் இல்லை என்றால் ஒன்றாம் தேதி முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.”

நடுவில் அவர் குரல் இறங்கிவிட்டது. மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே லைன் ஓடுகிற சத்தம். கையெழுத்தோடு திரும்பி வந்தார், சம்மதம். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாதாம். அது போகட்டும் என்று சொல்லவில்லை நான். போகவில்லை.

எழுந்திருக்கும்போது கேட்டேன், காண்ட்ராக்ட் பசங்களுக்கு யார் சொல்வது? அது லேபர் காண்ட்ராக்டர் பொறுப்பு, அவருக்கு மெயில் போயிருக்கிறது என்றார். அவர் பதில் போட்டாரா என்றேன். பிரசன்னா ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கும் எல்லாமே மெயில்லதான் மேடம் வருது. எனக்கு மேல யாருன்னுகூட பாத்ததில்ல.”

அவர் மேல் இரக்கம் வந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

19 ஆகஸ்ட், வியாழன்

மா. 4.40. மெயில். நாளை பெர்மனென்ட் ஆட்கள் மட்டும், 62. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை இல்லை.

‘கிடைத்தது’ என்று பதில் போட்டேன். மெஷினை அணைத்தேன். காண்ட்ராக்டர் தாம்பரத்தில் இருக்கிறாராம், எப்போது பார்ப்பாரோ.

வேனை எடுங்கள் என்றேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை.

பென்னலூரில் ரூம் ரூமாகச் சொன்னேன், நாளைக்கு வேலை இல்லை, விடியற்காலையில் நடக்காதீர்கள், தூங்குங்கள். சிலர் திட்டினார்கள், என்னை அல்ல. இசக்கிமுத்து கிணற்றடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு வந்தான்.

“அப்போ மத்தியானம் என்னக்கா?”

திரும்பி வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். கம்பெனியை, காண்ட்ராக்டரை, அந்த இன்டர்நெட் பையனை, ரோட்டை. வீட்டுக்காரர் ஹார்ன்கூட அடிக்கவில்லை.

நாளைக்கு 62. பென்னலூருக்குத் தனியாக 108. புளிச்சாதம் மட்டும்தான், வடை எல்லாம் கிடையாது, இசக்கிமுத்துவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். புளி இரண்டு கிலோ குறைகிறது, கடை மூடுவதற்குள் போக வேண்டும்.