நேராக வந்தால் பதினான்கு மணி நேரம்

மார்ச் 3
அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும், சொந்த அப்பாவுக்கு இப்போதுதான் ஒரு டிக்கெட். ஊரிலிருந்து இங்கே பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் பதினான்கு மணி நேரம்.

சந்தோஷம்தான். ஆனால் ஒரு சிக்கல். நானும் கணவரும் பிரிந்து எட்டு மாதமாகிறது, அப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்கும்போதெல்லாம் ஆபீசில் என்று சொல்லி ஒப்பேற்றி வருகிறேன்.

மார்ச் 5
நேர் விமானம் வேண்டாமாம். தொலைதூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அல்லவா!

"பதினாலு மணி நேரம் நிறுத்தாம எவனாவது வண்டி ஓட்டுவானா? நடுவுல இறக்கிவிடச் சொல்லு, ஒரு டீ குடிக்கணும்."

இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றித்தான் ஓட்டுவார்கள் என்றேன். அப்படியென்றால் யார் தலையிலும் பொறுப்பு இருக்காதே என்கிறார். இந்த மனிதரோடு யார் மல்லுக்கட்டுவது?

மார்ச் 6
இரண்டு இடத்தில் இறங்கி ஏறும்படி மாற்றிவிட்டேன். மொத்தம் முப்பது மணி நேரம். ஊரே பயண நேரத்தைக் குறைக்கச் சொல்கிறது, உங்கப்பா கூட்டச் சொல்கிறாரா என்று ஆபீசில் பக்கத்து மேசைக்காரிக்குச் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர் விமானமென்றால் வந்து இறங்கிய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். இப்போது வழியெல்லாம் போன் வரும். விஷயம் தெரிந்தால் பாதியிலேயே திரும்பிவிடுவாரோ?

மார்ச் 14
நாளை கிளம்புகிறார். இன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்திருக்கிறாராம், அளவு சரியாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். சே, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 16
முதல் நிறுத்தத்தில் டீ வாயில் வைக்க விளங்கவில்லையாம். வேறு குறை இல்லை.

இரண்டாவது நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டபோது ஆள் உற்சாகமாக இருந்தார். கூட்டிப்போக மாப்பிள்ளைதானே வருவார் என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிரிந்தது, வேறு வீடு பார்த்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன் — எங்கே முடிந்தது?

அந்தப் பக்கம் ஏதோ விமான அறிவிப்பு முடிந்ததும் அப்பா கேட்டார்.

"எட்டு மாசமா தனியாவா சாப்பிட்ட?"

ஆமாம் என்றேன்.

"வரேன். வை."

மார்ச் 17
வந்துவிட்டார். குளித்துவிட்டு, எனக்கும் தட்டு வைத்து உட்கார்ந்தார்.

மார்ச் 25
அப்பா குழாயைச் சரிசெய்தார். முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது.

ஏப்ரல் 9
காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"நான் திரும்பிப் போற டிக்கெட்டுல இன்னொரு பேரைச் சேர்க்க முடியுமாம்மா?"

போட்ட டிக்கெட்டில் பேர் சேர்க்க முடியாது. தினமும் யாரிடமாவது நான் சொல்லும் பதில்தான். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

அதே விமானங்களில், அவருக்குப் பக்கத்து இருக்கையில், என் பெயருக்குத் தனியாக ஒன்று போட்டேன். திரும்பி வரும் தேதி என்ன என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். அந்தத் தேதிக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டேன்.