நாட்காட்டிக்கு ஏது தடைக்காலம்

அன்பு ஜவாதுக்கு,

ஆஸ்ஃபியிலிருந்து சித்தப்பா மைமூன் ஸலாமுடன் எழுதுவது. நானும் உன் அக்கா நஜ்வாவும் நலமாக இருக்கிறோம், மார்செய் குளிரில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் அருளட்டும். பெற்றவன் போனபின் உங்களை வளர்த்தவன் என்ற மகா அதிகாரத்தில் சத்தியம் செய்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உன்னிடம் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. மத்தி மீன் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் பூஜ்மா, நவம்பர் முழுக்க உன் அக்காவின் பின்னால் வந்து நின்று இடுப்பைத் தொடுவதும் காதில் அசிங்கம் பேசுவதுமாக இருந்திருக்கிறான். நான் ஆலை வாசல்வரை கூடப் போகத் தொடங்கியதும் டிசம்பரில் அடங்கினான். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும் என்று ஆலைச் சுவரிலேயே தாள் ஒட்டியிருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இவள் தயங்குவதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்து ஆலையை மூடிவிட்டார்கள். ஆலை தூங்கினால் தேதியும் தூங்கும் என்று இவள் நினைத்தாள், சட்டமேதையான நானும் மீனுக்கே ஓய்வு, தேதிக்கு இல்லையா என்று தலையாட்டினேன். மார்ச்சில் கதவு திறந்ததும் மனுவோடு ஆலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு எழுத்தர், மீசையில் இரண்டு படகு கட்டலாம், விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பத்து நாள் தாண்டிருச்சேம்மா, நாட்காட்டிக்கு ஏது தடைக்காலம்?" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று அவள் அழுத அழுகையில் கடல் மூன்று முழம் ஏறியது. வேலையையே விட்டுவிடுகிறேன் என்றாள்.

பூஜ்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பான். மறுநாள் காலை, பதினோரு பெண்கள் மத்திக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த மேசைக்கு வந்து, "என்ன நஜ்வா, தேதி போச்சாமே? இனி யாருகிட்டப் போவ? வா, வண்டியில ஏறு" என்று மறுபடி இடுப்பைப் பிடித்திருக்கிறான். பக்கத்திலிருந்த லாலா ரக்கியாவுக்குக் குரல் கப்பல் சங்கு. "பாத்துக்கங்கடி, மணி ஒம்பது பத்து! அட அறிவுகெட்டவனே, தேதி போகலடா, இப்பதான் பொறந்திருக்கு! கடைசியா நடந்த நாள்னு போட்டிருக்கில்ல, அது இன்னைக்கு!" என்று அலறினாளாம். செதில் ஒட்டிய ஏப்ரனோடு பதினோரு பேரும் அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். அந்த நாற்றத்தில் அலமாரிக் கோப்புகள் தாமாக எழுந்து சலாம் வைத்தன. எழுத்தர் சுவர்த்தாளை எடுத்துவரச் சொல்லி இரண்டுமுறை படித்துவிட்டு, "சரியாத்தான் சொல்றாங்க. பழசையும் சேத்து எழுதும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று வாரம் விசாரணை, பதினோரு பேரும் ஒரே பேச்சு. நேற்று அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் நெஞ்சிலிருந்து அட்லஸ் மலை இறங்கிய சத்தம் உனக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

போனில் பேசும்போது ஏன் முன்பே சொல்லவில்லை என்று அக்காவைக் குடையாதே. உன் வேலையிடத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், நடந்த நாளை அன்றைக்கே எழுதிவைக்கச் சொல், நாள் கணக்கில் எவனையும் நம்பாதே, முக்கியமாக என்னை. காலுறை போட்டுக்கொள். நீ நூறாண்டு வாழ அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

மீசை, கடல், மலை எல்லாம் என் கைச்சரக்குதான். சின்னதாக ஒன்று மட்டும் நான் ஒட்டவைத்ததில்லை. இன்று காலை வழக்கம்போல் உன் அக்காவோடு ஆலைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "நீங்க டீ குடிங்க சித்தப்பா, நான் போயிக்குவேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

இப்படிக்கு,
இன்னும் செருப்பைக் கழற்றாத
சித்தப்பா மைமூன்